சுக்கினி என்னும் சொல்

இத்தாலிய மொழியிலே 'சுக்கா' என்றால் பூசணி. 'சுக்கினோ' சிறு பூசணி. அதன் பன்மையே 'சுக்கினி'. அமெரிக்காவில் வழங்கும் ஆங்கிலமோ ஒரு காயையும் சுக்கினி என்றே சொல்லும். இத்தாலியர் செவிக்கு இது வழுவாகப் படலாம். ஆயினும் வழக்கு நிலைத்துவிட்டது. பிரித்தானியர் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்ற 'கூர்ஜெட்' என்னும் பெயரை ஆளுவர். அதுவும் அவ்வாறே பிறந்த சிறுமைப் பெயர்தான்.

தோற்றங் கண்டு இதனை வெள்ளரி என மொழிபெயர்ப்பின் சமைப்பவர் ஏமாறுவார்; இது பூசணி இனம். இச்சிறுமையை உணர்த்த நம்மிடம் 'பிஞ்சு' என்னும் அருமையான சொல் உண்டன்றோ? பூசணிப்பிஞ்சு எனின், எது, எப்பருவத்தில் பறிப்பது என்னும் இரண்டுமே விளங்கும், நேயர்களே. கொடியிலே முற்றவிட்டால் தோல் தடித்து விதை பருக்கும். அப்பொழுது பிரித்தானியர் அதனை 'மரோ' என்பர்.