ஸ்பிரெட் வணிகம்: இழப்புக்கு எல்லை வகுக்கும் விதிகள்

பெங்களூரு சிவாஜிநகரில் 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருப்பவர், மாம்பழக் கூடையை வாங்கும்போதே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார். பாதி அழுகிப்போனால் எவ்வளவு நட்டம், அதைத் தாங்க முடியுமா என்பதே அக்கணக்கு. அதே பகுதியில் கைப்பேசி வழியே ஆப்ஷன் வணிகம் செய்வோர் பலர் இக்கணக்கைப் போடுவதில்லை. சேமிப்பிலிருந்து மார்ஜின் கணக்குக்குப் பணம் மாற்றும் வாடிக்கையாளர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளைக் கணக்கில் எடுத்தது. முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 100க்கு 93 பேர் பணம் இழந்திருந்தனர். அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

ஸ்பிரெட் என்பது என்ன?

ஓர் ஆப்ஷனை விற்று, அதே வகையில் வேறொரு ஸ்ட்ரைக் விலையுள்ள ஆப்ஷனை வாங்குவதே ஸ்பிரெட். நிஃப்டி 25,000இல் இருப்பதாகவும், ஒரு லாட் 75 அலகு என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 24,800 புட் ஆப்ஷனை 120 ரூபாய்க்கு விற்கிறோம். 24,600 புட் ஆப்ஷனை 70 ரூபாய்க்கு வாங்குகிறோம். கையில் நிற்பது அலகுக்கு 50 ரூபாய், அதாவது 3,750 ரூபாய். இதுவே அதிகபட்ச இலாபம்.

காலாவதி நாளில் நிஃப்டி 24,000க்குச் சரிந்தால், விற்றதில் 800 ரூபாய் போகும். வாங்கியதில் 600 ரூபாய் வரும். முதலில் பெற்ற 50 ரூபாயைக் கழித்தால் நிகர இழப்பு அலகுக்கு 150, லாட்டுக்கு 11,250 ரூபாய். நிஃப்டி இன்னும் சரிந்தாலும் இது கூடாது. பாதுகாப்பாக வாங்கிய புட் இல்லாதிருந்தால் இழப்பு 51,000 ரூபாய் ஆகியிருக்கும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

முதலாவது, அதிகபட்ச இழப்பை எழுதி வைத்த பிறகே ஆர்டர் இட வேண்டும். அத்தொகை முழுவதும் போனாலும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் தடைபடக் கூடாது.

இரண்டாவது, நுழையும்போது முதலில் வாங்க வேண்டும். வெளியேறும்போது விற்றதை முதலில் முடிக்க வேண்டும். சந்தை சரியும்போது வாங்கிய புட் இலாபம் காட்டும். அதை மட்டும் விற்றுக் காசாக்கும் ஆசை எழும். அப்படிச் செய்தால் விற்ற புட் காப்பின்றி நிற்கும். மார்ஜின் தேவையும் பல மடங்கு உயரும்.

மூன்றாவது, காலாவதி நாள் வரை காத்திருப்பதைத் தவிர்க்க வேண்டும். தனிப் பங்குகளின் ஆப்ஷன்களில் தீர்வு பங்குகளாகவே நடைபெறும். பங்கின் விலை இரு ஸ்ட்ரைக்குகளுக்கும் இடையே நின்றால், விற்ற புட்டுக்காக முழு லாட் பங்குகளையும் பணம் கொடுத்து ஏற்க நேரிடும். மேலும் 2024 அக்டோபரில் செபி அறிவித்த விதிகளின்படி, காலாவதி நாளில் விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்கு 2 விழுக்காடு கூடுதல் மார்ஜின் உண்டு. வெவ்வேறு காலாவதி கொண்ட காலண்டர் ஸ்பிரெட்டுக்கான மார்ஜின் சலுகையும், காலாவதியாகும் ஒப்பந்தங்களுக்கு அந்நாளில் கிடையாது.

சரிசெய்தல்: எப்போது, எவ்வாறு?

நிஃப்டி இறங்கி, நமது ஸ்பிரெட்டை முடிக்க 100 ரூபாய் தேவைப்படுகிறது என்போம். இப்போது இழப்பு 3,750 ரூபாய். மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, இழப்பை ஏற்று வெளியேறுவது. பெற்ற பிரீமியத்துக்குச் சமமான இழப்பு வந்ததும் வெளியேறுவதைப் பலர் விதியாகக் கொள்கின்றனர்.

இரண்டு, அடுத்த மாதத்துக்கு மாற்றுவது. 24,400-24,200 புட் ஸ்பிரெட்டில் 40 ரூபாய் கிடைத்தால் 3,000 ரூபாய் வரும். அது முழு வெற்றி பெற்றாலும் மொத்தத்தில் 750 ரூபாய் இழப்பே. தோற்றாலோ புதிய இழப்பு 12,000. பழையதையும் சேர்த்தால் 15,750 ரூபாய். எனவே மாற்றுவது என்பது பழைய இழப்பை அழிப்பதன்று. புதிதாக ஒரு வணிகத்தைத் தொடங்குவதே.

மூன்று, 25,200-25,400 கால் ஸ்பிரெட்டையும் விற்று 20 ரூபாய் பெறுவது. காலாவதியில் இரு பக்கமும் ஒருங்கே தோற்க முடியாது என்பதால் அதிகபட்ச இழப்பு 9,750 ரூபாயாகக் குறையும். ஆனால் சந்தை திடீரென மீண்டெழுந்து 25,400ஐக் கடந்தாலும் அதே இழப்பு நேரும்.

இழப்பை மீட்க லாட்டுகளை இரட்டிப்பாக்குவது இம்மூன்றிலும் சேராது. வைப்புத்தொகையை உடைத்தோ, தனிநபர் கடன் பெற்றோ மார்ஜின் கட்டும் நிலை வந்தால், வணிகத்தை அன்றே முடித்துக்கொள்வதே முறை. பழக்கடைக்காரர் அழுகிய கூடையை மறுநாள் விலையேறும் என்று பூட்டி வைப்பதில்லை.