ஆட்டத்தின் நடுவே கணிப்பொறி ஏன் மயங்கி விழுகிறது?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கணிப்பொறியில் கார்ப் பந்தயம் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். கடைசிச் சுற்று. உங்கள் கார் முன்னால் பாய்கிறது. திடீரென்று திரை இருண்டு விடுகிறது! இரண்டு விநாடி மௌனம். பிறகு, யாரோ பொத்தானை அழுத்தியது போல, கணிப்பொறி தானாகவே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே கணிப்பொறியில் நாள் முழுவதும் கட்டுரை தட்டச்சு செய்யலாம், படம் பார்க்கலாம். ஒரு தொல்லையும் வராது. ஆட்டம் ஆடினால்தான் மயங்கி விழுகிறது.

"ஆட்டத்தை விட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்பார் அப்பா. "வைரஸ் புகுந்துவிட்டது" என்பான் நண்பன். "கிராஃபிக்ஸ் அட்டை போய்விட்டது, புதிது போடுங்கள்" என்பார் கடைக்காரர். யார் சொல்வது சரி? ஊகத்தை நம்பி ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் பல ஆயிரம் ரூபாய் கரைந்து விடும். குறையோ அப்படியே இருக்கலாம். ஊகிக்காமல் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போமா?

ஓய்வும் ஓட்டமும்

நாற்காலியில் அமர்ந்து புத்தகம் படிக்கும்போது உங்கள் இதயம் நிதானமாகத் துடிக்கிறது. நூறு மீட்டர் ஓடினால்? துடிப்பு இரு மடங்காகிறது. உடலில் ஏதேனும் பலவீனம் இருந்தால் அது ஓடும்போதுதான் வெளிப்படும்.

கணிப்பொறியும் அப்படித்தான். கட்டுரை தட்டச்சு செய்யும்போது அதன் பிராசசர் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. நீங்கள் ஓர் எழுத்தை அழுத்தி அடுத்த எழுத்துக்கு விரலைக் கொண்டு போவதற்குள் அது கோடிக்கணக்கான கட்டளைகளை முடித்துவிட முடியும். அப்போது ஒரு மேசைக் கணிப்பொறி 60, 70 வாட் அளவே மின்திறன் கொள்ளும். ஆட்டம் தொடங்கியதும் பிராசசர், கிராஃபிக்ஸ் அட்டை இரண்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கின்றன. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை உள்ள பொறியில் தேவை 450 வாட் வரை ஏறிவிடலாம். ஆகவே ஆட்டம் குறையை உண்டாக்கவில்லை. ஒளிந்திருக்கும் குறையை வெளியே கொண்டு வருகிறது.

ஒரு சிறு கணக்கு

சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது மின்வழங்கி. கடைகளில் இதை 'எஸ்.எம்.பி.எஸ்.' என்பார்கள். கணிப்பொறியின் பின்புறம் மின்கம்பி செருகும் இடத்தில் இருக்கும் பெட்டி அதுதான்.

வாட் = வோல்ட் × ஆம்பியர் என்பது உங்களுக்குத் தெரியும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும்? சுமார் 4.3 ஆம்பியர். 320 வாட் கிராஃபிக்ஸ் அட்டை 12 வோல்ட்டில் எவ்வளவு எடுக்கும்? வகுத்துப் பாருங்கள். சுமார் 27 ஆம்பியர்! இஸ்திரிப் பெட்டியைப் போல் ஆறு மடங்கு.

இவ்வளவு பெரிய மின்னோட்டம் பாயும்போது சிறிய தடைகூடப் பெரிய தீங்கு செய்யும். செருகி சரியாக அழுந்தாமல், இணைப்பில் 0.02 ஓம் தடை மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 27 × 0.02 = 0.54 வோல்ட் அங்கேயே தொலைந்து விடுகிறது. அட்டைக்குக் கிடைப்பது 11.46 வோல்ட்தான். 12 வோல்ட் வழியில் 5 விழுக்காட்டு ஏற்றத்தாழ்வு மட்டுமே பொதுவாக அனுமதிக்கப்படுகிறது, அதாவது 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பார்த்தீர்களா, விளிம்புக்கே வந்துவிட்டோம்! அதோடு போகவில்லை. அந்த இணைப்பில் சுமார் 15 வாட் வெப்பமும் பிறக்கிறது. தளர்ந்த செருகிகள் சில சமயம் உருகிக் கருகுவது இதனால்தான்.

'எல்லாம் சரி' என்னும் செய்தி

மயங்கி விழுந்த கணிப்பொறி அப்படியே கிடக்காமல் ஏன் தானே எழுந்து கொள்கிறது?

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் கம்பிகளில் ஒன்று மின்திறன் கொடுப்பதற்காக அன்று, செய்தி சொல்வதற்காக. மின்னழுத்தங்கள் எல்லாம் சரியான அளவில் நிலைபெற்றதும், அந்தக் கம்பியில் சுமார் 5 வோல்ட் தோன்றும். 'எல்லாம் சரி, நீ வேலையைத் தொடங்கலாம்' என்பது அதன் பொருள். அது வரும்வரை பிராசசர் தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படும். நடுவில் மின்னழுத்தம் சரிந்தால் அந்தச் செய்தி நின்றுபோகும். உடனே தாய்ப்பலகை பிராசசரை நிறுத்திவிடும். மின்னழுத்தம் நிமிர்ந்ததும் செய்தி திரும்ப வரும். அப்போது பொறி முதலிலிருந்து தொடங்கும். தவறான மின்னழுத்தத்தில் தவறாகக் கணக்கிடுவதை விட, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

வீட்டில் விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸினுள் இருக்கும் மின்தேக்கிகள் தம்மிடம் சேர்த்து வைத்த ஆற்றலைக் கொடுத்துச் சமாளிக்கின்றன. நிறைந்த சுமையில் இது சுமார் 16 மில்லி விநாடி தாங்கினால் நல்லது என்பார்கள். 60 வாட் சுமையில் அதே சேமிப்பு பல மடங்கு நேரம் வரும். கட்டுரை எழுதும்போது நீங்கள் கவனிக்காமலே கடந்துபோகும் மின்தடங்கல், ஆட்டத்தின்போது பொறியைக் கவிழ்த்து விடுவது இதனால்தான். மின்தேக்கிகளுக்கு வயதாகி, வெப்பத்தில் காய்ந்து போயிருந்தால் இன்னும் மோசம்.

கண நேரத் தாகம்

'என் அட்டை 320 வாட், பிராசசர் 125 வாட். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளமாகப் போதுமே!' என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 320 வாட் என்பது சராசரி. ஆட்டத்தில் ஒரு வெடிப்புக் காட்சி வரும்போது, ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்கு, அட்டை அதைவிட மிக அதிகமாக, சில சமயம் ஏறத்தாழ இரு மடங்கு இழுக்கும். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த உயர்திறன் அட்டைகளில் இந்தத் திடீர்த் தாகம் பலரைத் தொல்லைப்படுத்தியது. ஆகவே 2022-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 'ஏ.டி.எக்ஸ். 3.0' என்னும் விதிமுறையில், இத்தகைய அட்டைகளுக்கான எஸ்.எம்.பி.எஸ். தன் குறித்த திறனைப் போல் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி நேரம் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

வெப்பமும் மறதியும்

மின்திறன் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. விசிறியில் தூசி அடைத்திருந்தால், அல்லது பிராசசருக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருந்தால் வெப்பம் வெளியேறாது. இன்றைய பிராசசர்கள் பல, 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பொறி அணைந்துவிடும். எனவே மிகுந்த வெப்பத்தில் பெரும்பாலும் ஆட்டம் முதலில் தடுமாறித் தடுமாறி ஓடும், பிறகுதான் அணையும். முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று மறுதொடக்கம் ஆனால் மின்வழங்கலின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

மூன்றாவது சந்தேகம், ரேம் என்னும் நினைவகம். 8 ஜி.பி. நினைவகத்தில் சுமார் 6,870 கோடி பிட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே ஒன்று 0 என்பதற்குப் பதில் 1 என்று மாறினாலும் கணிப்பொறி குழம்பக்கூடும். 1978-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் என்னும் இருவர், சில்லுகளின் மேலுறையில் இருந்த மிக நுண்ணிய அளவு கதிரியக்கப் பொருள்களே பிட்டுகளைப் புரட்டிவிடக் கூடும் என்று காட்டினார்கள்! வீட்டில் இதைவிட எளிய காரணங்களே மிகுதி: ரேம் சரியாகப் பொருந்தாமை, அல்லது அதை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது.

துப்பறிவோம், வாருங்கள்

இனி நாம் செய்ய வேண்டியது சோதனை. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், குணப்படுத்தியது எது என்று தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், ஆட்டம் தொடங்கி எத்தனை நிமிடத்தில் விழுந்தது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வாருங்கள்.

முதலாவது: விண்டோஸ் பொறிகளில், கோளாறு ஏற்பட்டால் தானே மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியில் அதை நிறுத்தி வையுங்கள். இப்போது கோளாறு மென்பொருளிலோ நினைவகத்திலோ இருந்தால், மறுதொடக்கத்துக்குப் பதிலாகக் கோளாற்றின் பெயரோடு ஒரு திரை நிற்கும். அப்படி நிற்காமல் மீண்டும் பட்டென்று விழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு குறிப்பைக் காண்பீர்கள். அதைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 'சென்ற முறை நான் முறையாக அணைக்கப்படவில்லை' என்று மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

இரண்டாவது: காலத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்குப் பிறகு விழுந்து, உடனே மறுபடி ஆடினால் ஐந்தே நிமிடத்தில் விழுகிறதா? வெப்பமாக இருக்கலாம். புதிய காட்சி தொடங்கும் அந்தக் கணத்திலேயே விழுகிறதா? மின்னோட்டத் தாவலாக இருக்கலாம்.

மூன்றாவது: ஆட்டத்தின் அமைப்பில், விநாடிக்கு 60 படங்களுக்கு மேல் வரைய வேண்டாம் என்று கட்டுப்படுத்துங்கள். சில்லு கொள்ளும் திறன், அதன் வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்றபடி மாறுவது. இரண்டும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.729, அதாவது 27 விழுக்காடு மிச்சம்! இதனால் மயக்கம் நின்றால் குறை மின்திறனிலோ வெப்பத்திலோதான். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

நான்காவது: பிராசசரை மட்டும் உழைக்க வைக்கும் சோதனை மென்பொருள்களும், கிராஃபிக்ஸ் அட்டையை மட்டும் உழைக்க வைப்பவையும் இருக்கின்றன. தனித்தனியே இரண்டும் தேறி, சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால், இரண்டுக்கும் பொதுவான எஸ்.எம்.பி.எஸ்.தான் முதல் குற்றவாளி.

ஐந்தாவது: நினைவகச் சோதனை மென்பொருளை ஓரிரவு ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேம் பட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

மறந்துபோகும் சாட்சி

இவ்வளவும் பெட்டிக்குள்ளே. பெட்டிக்கு வெளியே? ஒரு மாணவன் வீட்டில் பழைய கணிப்பொறிக்காக வாங்கிய 600 வி.ஏ. யு.பி.எஸ். இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் எழுதியிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 360 வாட்தான். பிறகு புதிய கிராஃபிக்ஸ் அட்டை வந்தது. தேவை 450 வாட்டைத் தாண்டியது. யு.பி.எஸ்.ஸை யாரும் நினைக்கவில்லை. விளக்கு ஒரு கணம் மங்கும்போது, யு.பி.எஸ். பாட்டரிக்கு மாறுகிறது, சுமை தாங்காமல் கைவிட்டுவிடுகிறது. அந்த வீட்டில் அட்டையை மாற்றினாலும் ரேமை மாற்றினாலும் பயன் என்ன? கணிப்பொறியைச் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகி ஒரு நாள் ஆடிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். தளர்ந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் இப்படித்தான் ஏமாற்றும்.

ஓர் எச்சரிக்கை

கேபினெட்டைத் திறந்து தூசி துடைப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்; பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்ச அளவு 325 வோல்ட். உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி அந்த அளவுக்கோ, அதற்கு மேலோ ஏற்றம் பெற்றிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கும். அது உயிரைப் பறிக்கக் கூடியது. எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகம் உறுதியானால் அதை முழுதாக மாற்றுவதுதான் முறை.

கடைக்காரர் சொன்னது பொய்யென்று நாம் சொல்லவில்லை. கிராஃபிக்ஸ் அட்டையே கெட்டிருக்கவும் கூடும். ஆனால் 'கூடும்' என்பதற்கும் 'ஆம்' என்பதற்கும் இடையே சோதனை நிற்க வேண்டும். அடுத்த முறை கணிப்பொறி நடு ஆட்டத்தில் மயங்கி விழுந்தால், மேசையைக் குத்தாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். மணி பாருங்கள். முதல் வரியை எழுதுங்கள்.