இணையத்தில் இலவசமாக – 6: மாலை ஐந்தரைக்கு நிர்வாகசபைக் கூட்டம்

யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை மாலை 5.30. ரொறன்ரோவில் அப்போது காலை 8.00. லண்டனில் பிற்பகல் 1.00, பாரிஸிலும் சூரிச்சிலும் 2.00, சிட்னியில் இரவு 10.00. உலகெங்கும் சிதறிப்போன ஓர் ஊரின் ஆட்கள் எல்லாரும் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளில் இதைவிட்டால் அதிகம் கிடையாது. பழைய மாணவர் சங்கமோ, சனசமூக நிலையமோ, ஆலய பரிபாலன சபையோ, வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டம் வைக்க நினைத்தால் சுற்றிச் சுற்றி இந்த நேரத்துக்குத்தான் வரவேண்டும்.

அதுவும் கோடைகாலத்துக்கு மட்டும் சரிவரும் கணக்கு. இலங்கையின் கடிகாரம் 2006 ஏப்ரல் 15க்குப் பிறகு அசையவில்லை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று முன்னுக்குத் தள்ளிய நேரத்தை அன்றுதான் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களின் கடிகாரங்களோ ஆண்டுக்கு இரண்டு தரம் நகரும், அதுவும் வெவ்வேறு நாட்களில். சிட்னி ஒக்ரோபர் முதல் ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. நவம்பர் நடுவில் அதே 5.30 கூட்டம் ரொறன்ரோக்காரருக்குக் காலை 7.00, லண்டன்காரருக்கு நண்பகல் 12.00, சிட்னிக்காரருக்கு இரவு 11.00. ஒக்ரோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்தில் லண்டன் மாறியிருக்கும், ரொறன்ரோ மாறியிருக்காது. கூட்டத்துக்குப் பாதிப்பேர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து கோபித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

இதற்கு நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரில் இருந்து இயங்கும் 'டைம் அண்ட் டேற்' தளத்தில் ஒரு கூட்டத் திட்டமிடும் பக்கம் இருக்கிறது. ஊர்களின் பெயர்களையும் திகதியையும் கொடுத்தால், மணிக்கு மணி ஒரு அட்டவணை வரும். பச்சை என்றால் வசதியான நேரம், சிவப்பு என்றால் அந்த ஊரில் நித்திரை நேரம். கணக்குத் திறக்கவோ எதையும் தரவிறக்கவோ தேவையில்லை. செயலாளர்களுக்கு என் யோசனை, அழைப்பிதழில் இலங்கை நேரத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களைக் கணக்குப் பார்க்க விடாதீர்கள். ஐந்து ஊர்களின் நேரத்தையும் எழுதுங்கள்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். ஸூம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது 2020இல். நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வழியாக ஸூம் வகுப்புகள் நடந்தன. தொலைபேசி நிறுவனங்கள் அவற்றுக்கு டேட்டாக் காசு அறவிடவில்லை. ஊரடங்கு நாட்களில் பிள்ளைகள் விரிவுரை கேட்ட அதே செயலியில்தான் பிறகு தாய் தகப்பனும் சங்கக் கூட்டம் நடத்தப் பழகினார்கள். ஸூமின் இலவசக் கணக்கில் 100 பேர் சேரலாம், 40 நிமிடத்தில் கூட்டம் நின்றுவிடும். கூகிள் மீற் 2020 மே முதல் எல்லாருக்கும் இலவசம்; அதிலும் 100 பேர், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். இரண்டுக்கும் வெளியே ஜிற்சி மீற் உண்டு. 2003இல் பிரான்ஸின் ஸ்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் படித்த எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய வேலை அது. நிரலை யாரும் எடுத்துத் தம் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். உலாவியில் இணைப்பைச் சொடுக்கினால் கூட்டத்துக்குள் போய்விடலாம், நேரக் கட்டுப்பாட்டு உபத்திரவமும் இல்லை. முன்பு பெயர்கூடக் கேட்காமல் அறை திறந்துகொடுத்த அதன் பொதுத்தளம் 2023 ஓகஸ்ற் முதல் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும் என்கிறது. வருபவர்களுக்கு அது தேவையில்லை.

எட்டுப் பத்துப் பேர் கூடும் நிர்வாகசபைக்கு நான் ஜிற்சியைச் சொல்வேன். ஐம்பது பேர் வரும் பொதுக்கூட்டம் என்றால் ஸூம் அல்லது மீற். 40 நிமிடம் போதாது என்பவர்கள் நிகழ்ச்சிநிரலை முதல்நாளே அனுப்பிப் பார்க்கட்டும். வரவேற்புரையையும் கணக்கறிக்கையையும் எழுத்தில் அனுப்பிவிட்டால், பேசித் தீர்க்கவேண்டியதைப் பேச 40 நிமிடம் தாராளம்.

அதைவிட முக்கியம் டேட்டா. ஊரில் பலர் கூட்டத்துக்கு வருவது கைத்தொலைபேசியில், காசு கொடுத்துப் போட்ட டேட்டாவில். ஸூம் நிறுவனமே சொல்லும் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால், முகம் தெரியும் நல்ல தரத்துக் குழுக் கூட்டம் ஒரு மணித்தியாலத்துக்கு 700 எம்பி அளவில் இழுக்கும். குரல் மட்டும் என்றால் 30 எம்பி அளவில் முடிந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் ஒரு நிமிடம் எல்லாரும் முகத்தைக் காட்டட்டும். பத்து வருசம் காணாத முகங்களைக் காண்பது சின்ன விசயம் அல்ல. அதன்பிறகு பேசுபவரைத் தவிர மற்றவர்கள் கமராவை நிறுத்திவிடலாம். "அண்ணை, உங்கடை மைக் நிக்குது", "ரீச்சர், சத்தம் விட்டு விட்டுத்தான் வருது" என்று போகும் நேரத்திலும் பாதி இதனால் மிஞ்சும்.

கூட்டம் முடிந்துவிட்டது. கூட்ட அறிக்கையை யார் எழுதுவது, எதில் எழுதுவது, எங்கே வைப்பது? இந்த வாரப் பகுதியை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

எங்கள் சங்கங்களின் கணினிகளில் கிடக்கும் அறிக்கைகளில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பையே பாமினியும் பின்பற்றியதால், தட்டச்சுப் படித்தவர்களின் விரல்கள் அதில் உடனே ஓடின. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் மலர்களும் பத்திரிகைகளும் அதில் வந்தன. ஆனால் பாமினிக் கோப்புக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. திரையில் 'அம்மா' என்று தெரிவதைக் கணினி சேமித்து வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகளாக. எழுத்துரு அந்தத் தமிழ் முகத்தை மேலே போர்த்துகிறது. அந்தக் கோப்பை ரொறன்ரோவில் இருக்கும் பொருளாளர் தன் தொலைபேசியில் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தேடினால் அகப்படாது. பார்வை குறைந்த ஒருவருக்குத் தொலைபேசி வாசித்துக் காட்டவும் முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யுனிகோட்டில் 1991இன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. அதன்பிறகும் எங்கள் தட்டச்சுக் கடைகள் பாமினியை விடவில்லை. கைப்பழக்கம் அவ்வளவு பலமானது.

இதற்கு வழி செய்தவர்களில் ஒருவரை யாழ்ப்பாணம் நன்றியோடு நினைக்கவேண்டும். ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன், யுனிகோட் தமிழ் வலையில் காலூன்றத் தொடங்கிய 2000களின் முற்பகுதியில் உலாவியிலேயே இயங்கும் தமிழ் எழுதிகளையும் 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியையும் எழுதி இலவசமாகத் தந்தார். மேல் பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டி, அது பாமினியா, திஸ்கியா, அஞ்சலா என்று தெரிவு செய்தால், கீழ்ப் பெட்டியில் யுனிகோட் வந்து விழும். நிறுவல் இல்லை, கட்டணம் இல்லை, விளம்பரம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். அவ்வளவு சின்னப் பக்கம் எத்தனை ஆயிரம் பக்கத் தமிழை மீட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இன்று இதே வேலையைச் செய்யும் பக்கங்கள் பல இருக்கின்றன. 'பாமினி யுனிகோட் மாற்றி' என்று தேடினால் வரும்.

மாற்றியபிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். அறிக்கைக்குள் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளும் பெயர்களும் சேர்ந்து மாறிப் பொருளில்லாத தமிழாகியிருக்கும். இன்னொன்று பணத்தொகை. பாமினியில் காற்புள்ளி விசைக்குரிய எழுத்து 'இ'. வேறு எழுத்துருவில் அடித்த 25,000 ரூபா, மாற்றியபின் '25இ000' என்று நிற்கும். கணக்கறிக்கையில் இது ஒன்றைத் திருத்தாமல் விட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அரைமணித்தியாலம் போய்விடும்.

புதிய அறிக்கைகளை முதலிலிருந்தே யுனிகோட்டில் எழுதுங்கள். தட்டச்சுத் தெரியாதவர்கள் குரோம் உலாவியில் கூகிள் டொக்ஸைத் திறந்து, குரல்வழித் தட்டச்சில் 'தமிழ் (இலங்கை)' என்பதைத் தெரிந்தெடுத்துக் கதைக்கலாம். பிழை வரும், நிதானமாகக் கதைத்தால் குறையும். ஊர்ப்பெயர்களைக் கையால் திருத்தத்தான் வேண்டும். எழுத்துப்பிழைக்குத் தமிழ்நாட்டின் நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி', சந்திப்பிழைக்கு அவருடைய 'நாவி' இரண்டும் இணையத்தில் இலவசம். ரொறன்ரோ, கொப்பி போன்ற எங்கள் வழக்கை ஒரு திருத்தி பிழை என்று காட்டினால் அதற்காக மாற்றிவிடாதீர்கள். டொக்ஸில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் பதிவாகும். வெளிநாட்டுக் காசு கையாளும் சங்கங்களுக்கு இந்த ஒரு வசதி போதும், பல மனவருத்தங்களைத் தவிர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் சேர்க்க, சுருக்க, பிரிக்க என்று இலவசத் தளங்கள் நிறைய உண்டு. நிகழ்ச்சிநிரலையும் மலரின் பக்கங்களையும் அவற்றில் ஏற்றலாம். தேசிய அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம் இவற்றின் படங்களை ஏற்றவேண்டாம். நீங்கள் ஏற்றுவது வேறொரு நாட்டில் இருக்கும் யாரோ ஒருவரின் கணினிக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களிடம் இருந்தாலும், அந்தக் கணினிவரை அது போய் எட்டுவது கடினம். தொலைபேசியிலேயே 'அச்சிடு' என்று கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமித்தால் ஆவணம் கையைவிட்டு எங்கும் போகாது. பிடிஎஃப் படிவத்தில் எழுதுவதற்கு ஃபயர்ஃபொக்ஸ் உலாவி போதும்.

இலவசம் என்று தருபவர்கள் ஒருநாள் நிறுத்திவிடலாம். தமிழ்ப் பக்கங்கள் பல குடியிருந்த ஜியோசிற்றிஸ் 2009 ஒக்ரோபரில் மூடப்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகத்தை எங்கள் பெற்றோர் முதன்முதலில் திரையில் கண்ட ஸ்கைப் 2025 மே 5இல் நின்றது. ஆகவே எந்தக் கருவியைப் பிடித்தாலும், எழுதியதை வெளியே எடுத்துக்கொள்ள விடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு முடிவில் அறிக்கைகள் அனைத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து, ஊரில் ஒரு பென்ட்ரைவிலும் வெளிநாட்டுக் கிளையில் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் எழுந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தபோது, சங்கங்களின் அறிக்கைக் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போக யாருக்குக் கை இருந்தது? போனவை போனவைதான். அன்று ஒரே ஒரு பிரதி இருந்தது. இன்று பிரதி எடுப்பதற்குச் செலவு இல்லை.

அச்சான மலர்களுக்கும் ஆண்டறிக்கைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவாக்கி யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். உங்கள் சனசமூக நிலையத்தின் அலுமாரியில் இருக்கும் மலர் அங்கே இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். இல்லையென்றால் அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள்.

செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் கடந்த ஒரு வருடத்து பாமினி அறிக்கைகளையாவது யுனிகோட்டுக்கு மாற்றி, பணத்தொகைகளைச் சரிபார்த்து, எல்லா அங்கத்தவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய ஆண்டுகளை ஊரிலுள்ள உயர்தர மாணவர்களிடம் பிரித்துக் கொடுக்கலாம். அச்சுப் பக்கங்களின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் இலவசக் கருவிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.