ஊசி போட்ட மாட்டின் பால்

மடிநோய் கண்ட பசுவுக்கு ஊசி போட்டு முடித்து, வாளித் தண்ணீரில் கை கழுவும்போது கால்நடை மருத்துவரிடம் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "சாயங்காலப் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தலாமா சார்?" கேட்பவர் மாட்டுக்காரர்தான். ஆனால் அந்தப் பதில் கடைசியில் நம் வீட்டு டம்ளரில் வந்து விழுகிறது. அதனால் தேநீரைக் குடித்தபடியே இதை நாமும் நிதானமாகத் தெரிந்துகொள்வோம்.

முதலில் மடி. வெளியே பார்க்க ஒரே பையாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. ஒன்றில் ஊறும் பால் பக்கத்துப் பகுதிக்குப் போகாது. கறந்து முடித்த பிறகு காம்பின் துளை நன்றாக மூடிக்கொள்ள அரைமணி நேரம், ஒரு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் மாடு சாணி ஈரத்தில் படுத்துவிட்டால் கிருமிக்கு வழி கிடைத்துவிடுகிறது. மடி சூடேறிக் கல்லாகும். கை வைத்தால் மாடு உதைக்கும். பால் தண்ணீராகவோ திரிதிரியாகவோ வரும்.

மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்தை ஊசியாகப் போடுவார், அல்லது ட்யூப் மருந்தைக் காம்புத் துளை வழியே ஏற்றுவார். கிருமி குடியிருப்பது பால் ஊறும் இடத்தில். ஆகவே மருந்தும் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். பாலில் மருந்து இருப்பது யாரோ செய்த தவறு இல்லை, வைத்தியமே அதுதான். வேலை முடிந்ததும் மாட்டின் உடம்பு அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். அதுவரை பாலை விற்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். 2012-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மருந்து விதிப்படி இந்தக் காலத்தை லேபிளில் அச்சிட வேண்டும். குறிப்பிடாத மருந்துக்குப் பாலைப் பொறுத்தவரை குறைந்தது 7 நாள்.

ஒரு காம்பில்தானே மருந்து ஏற்றினோம், மற்ற மூன்றைக் கறக்கலாமே என்று தோன்றும். பால்தான் கலக்காது, மருந்து ரத்தத்தில் ஏறி, சுற்றி வந்து, மற்றப் பகுதிகளிலும் இறங்கிவிடும்.

இப்போது, படித்தவர் படிக்காதவர் எல்லோரும் சொல்லும் ஒரு சமாதானத்துக்கு வருவோம். "நல்லா பொங்கப் பொங்கக் காய்ச்சினா எல்லாம் போயிடும்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு நாள் நிலைத்திருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், ஏனென்றால் அது உயிருள்ளது. மருந்துக்கு உயிர் இல்லை. ரசம் கொதித்தால் அதில் போட்ட உப்பு எங்கே போகும்? கிட்டத்தட்ட அப்படித்தான். சில மருந்துகள் சூட்டில் ஓரளவு சிதையும் என்பது மெய். ஆனால் மடிநோய்க்கு அதிகம் பயன்படும் பென்சிலின் குடும்பம், நாம் வீட்டில் காய்ச்சும் அந்தச் சில நிமிடங்களில் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும்.

இதை அடுப்படியிலேயே பார்க்கலாம். மருந்து அதிகமுள்ள பாலை எவ்வளவு காய்ச்சி உறை ஊற்றினாலும் தயிர் சரியாகத் தோயாது. பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். காய்ச்சிய பிறகும் மிஞ்சிய மருந்து அதை அடக்கிவிடுகிறது. தயிர் தோய்ந்துவிட்டது, ஆகவே பால் சுத்தம் என்று திருப்பிச் சொல்ல முடியாது. சிறிதளவு மருந்து தயிரைத் தடுக்காமலே உள்ளே இருக்கக்கூடும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே தொந்தரவு தரலாம். நம் வயிற்றுக் கிருமிகள் அந்தச் சிறிதளவு மருந்திலேயே பழகி அதற்கு அடங்காமல் போவது இன்னும் பெரிய கவலை.

இவ்வளவும் தெரிந்த மருத்துவர் "ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எதிரே நிற்பவரின் கணக்கையும் பார்ப்போம். நாளைக்குப் பத்து லிட்டர், லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 350 ரூபாய். ஏழு நாளைக்கு 2,450. மாடு அந்த ஏழு நாளும் தவிடும் புண்ணாக்கும் தின்னும். மாட்டுக் காப்பீடு பெரும்பாலும் மாடு செத்தால்தான் கைகொடுக்கும், கொட்டிய பாலுக்கு ஈடு கிடையாது. "அப்ப தவுட்டுக் கடைக்கு நீங்க பதில் சொல்லுங்க சார்" என்று ஒரு அம்மா கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. கண்டிப்பாகப் பேசினால் அடுத்த முறை அவர் மருத்துவரைக் கூப்பிடாமல் கடையில் ஊசி வாங்கித் தானே போட்டுவிடலாம். வாய்மூடி இருந்தாலோ அந்தப் பால் குளிரூட்டும் தொட்டியில் ஊரார் பாலோடு கலந்துவிடும். அங்கே கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்து விலை போடுவார்கள். அந்த அளவீட்டில் மருந்து தெரியாது.

பாலில் அதிகம் இறங்காத மருந்தைப் போட்டுவிட்டால் என்ன? செஃப்டியோஃபர் ஊசி அப்படிப்பட்டது. அதைப் போட்டால் பாலை நிறுத்தவே வேண்டாம் என்று அமெரிக்காவில் லேபிளிலேயே அனுமதி உண்டு. ஆனால் சற்றுமுன் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் போகாத மருந்து மடிக்குள் இருக்கும் கிருமியையும் எட்டாது. தவிர, மனிதருக்குக் கடும் தொற்று வரும்போது கைகொடுக்கும் மருந்துகளின் குடும்பம் அது. மாட்டுக்காரரின் மனம் குளிர அதை எடுத்து வீசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பார்வையில், நல்ல மருத்துவரின் வேலை பாலை நிறுத்தும் நாள்களை மறைக்காமல் சொல்வதும், அந்த நாள்களே வராமல் தடுக்கச் சொல்லிக்கொடுப்பதும். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாகச் சம அளவு கலந்து ஒரு நிமிடம் சுழற்றிப் பார்க்கலாம். கெட்டிப்பட்டுத் திரண்டால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று பொருள். மடி வீங்கும் முன்பே தெரிந்துவிடும். அந்த ஆரம்பக் கட்டத்துக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய மூலிகைப் பூச்சு ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவி, முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு நாளைக்குப் பத்து முறை பூசுவது. காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் நிற்கும் மாட்டுக்கு இது போதாது. அதற்கு ஊசிதான், பிறகு அந்த நாள்கள்தான்.

அந்த நாள்களில் கறந்த பாலைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது. எந்தத் தேதி, எந்த வேளையிலிருந்து ஊற்றலாம் என்பதை மருத்துவரிடம் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடு குணமான பிறகு, தீவனத்தைக் கறவைக்கு முன்னால் போடாமல் கறந்து முடித்ததும் போடுங்கள். தின்னும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும். அதற்குள் காம்பின் துளை மூடிவிடும்.