புகைத்தவருக்கு ஒரு நீதி, மருந்து அடித்தவருக்கு ஒரு நீதி

1970-களில் மெக்சிகோ அரசாங்கம், அமெரிக்காவின் உதவியோடு, கஞ்சா வயல்களின் மீது ஹெலிகாப்டரில் களைக்கொல்லி தெளித்தது. செடி வாடுமுன் அறுக்கப்பட்ட இலைகள் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் வந்துவிட்டன. அதைப் புகைக்கும் இளைஞர்களின் நுரையீரல் என்னவாகும் என்று அங்கே பெரும் கூச்சல். 1978-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, புகைப்பவருக்குக் கடுந்தீங்கு தரக்கூடிய தெளிப்புக்கு உதவிப் பணம் போவதைத் தடுத்தது. கஞ்சா அங்கே சட்டவிரோதம்தான். ஆனாலும் புகைப்பவரின் உயிருக்கு மதிப்பு இருந்தது.

அந்தக் களைக்கொல்லியின் பெயர் பாராகுவாட். 'கிராமோக்சோன்' என்று சொன்னால் நம் பாட்டிமார்களுக்கு உடனே புரியும். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். (விஷத்தை 'மருந்து' என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம்.)

பாராகுவாட் உடலுக்குள் போனால் நுரையீரலில் சேர்ந்து, அதைத் தழும்பாக இறுகச் செய்யும். முறிமருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவருக்குப் பிராணவாயு கொடுத்தால், அதுவே பாதிப்பைக் கூட்டிவிடக்கூடும். குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. காயம்பட்ட தோல் வழியாகவும் உள்ளே போகும். மருந்து அடிப்பவர்களுக்கு நகம் நிறம் மாறி உதிர்வதும் மூக்கில் இரத்தம் வடிவதும் இதன் அடையாளங்கள்.

இந்தப் பெண்களின் நிலையை வெளியே கொண்டு வந்ததில் பினாங்குக்குப் பங்கு உண்டு. 1992 முதல் இங்கிருந்து இயங்கும் 'பெஸ்டிசைட் எக்‌ஷன் நெட்வொர்க்' ஆசிய பசிபிக் அமைப்பும், சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸின் 'தெனாகானித்தா'வும் சேர்ந்து 2002-இல் ஆய்வறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவெடுத்தது. 2006-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 1.1.2020-இல். ஐரின் 2014-இலேயே காலமாகிவிட்டார்.

சட்டம் இல்லாததால் வந்த தாமதமல்ல இது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974 முதலே இருக்கிறது. பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு இல்லாமல் எந்த மருந்தையும் இங்கே விற்க முடியாது. சுவீடன் 1983-இலேயே பாராகுவாட்டைத் தடை செய்திருந்தது.

இப்போது மருத்துவக் கஞ்சா பற்றி நம் நாட்டிலும் பேசுகிறார்கள். கனடாவில் 2016, 2017-இல் உரிமம் பெற்ற சில நிறுவனங்களின் மருத்துவக் கஞ்சாவில் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி இருந்தது தெரியவந்தது. சூடாக்கினால் அது ஹைட்ரஜன் சயனைடு வாயுவை வெளியிடும். சரக்கு திரும்பப் பெறப்பட்டது. பின்னர் பரிசோதனை கட்டாயமானது. நோயாளியைக் காக்க அது வேண்டியதுதான். ஆனால் அந்தப் பரிசோதனை பொட்டலத்தில் உள்ள இலையை மட்டுமே பார்க்கும். மருந்து அடித்தவரின் கையைப் பார்க்காது.

நம் தோட்டங்களில் இன்று பம்பு சுமப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். களைக்கொல்லியின் பெயர்தான் மாறியிருக்கிறது. மூக்கில் இரத்தம் வந்தால் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?