துருப் பூஞ்சையை இனங்காண்போம்

மழைக்காலத்திற்குப் பின் தேக்கங்காட்டில் நடந்தால், பசுமை குன்றிச் சாம்பல் நிறங்கொண்ட இலைகளைச் சில மரங்களில் காணலாம். அத்தகைய இலையொன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செம்பொடி படிந்திருக்கக்கூடும். இரும்பின் துருவைப்போலத் தோன்றும் இப்பொடியை உண்டாக்கும் உயிருக்குத் துருப் பூஞ்சை என்று பெயர். உலகில் 7,000 இனங்களுக்கு மேல் அறியப்பட்டுள்ளன.

துருப் பூஞ்சை ஓர் ஒட்டுண்ணி. உயிருள்ள செடியின் உணவை உறிஞ்சியே அது வாழும், சருகில் வளராது. ஒவ்வோர் இனமும் தனக்குரிய சில செடிகளை மட்டுமே பற்றும். தேக்கின் துரு காப்பிச் செடியில் வாழாது. காப்பியின் துரு தேக்கில் வாழாது. ஆகவே, பூஞ்சையின் பெயரை அறிய விரும்புவோர் முதலில் செடியின் பெயரை அறிதல் வேண்டும்.

அடுத்து, இலையை ஆராய வேண்டும். துருவின் பொடி பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருக்கும்; தொட்டால் விரலில் ஒட்டும். மாவிலையின் மேற்புறத்திலும் செந்நிறப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. அவை வெல்வெட்டுத் துணிபோல் சற்றே தடித்திருக்கும். அதனைச் ‘சிவப்புத் துரு’ என்பர். எனினும் அது பூஞ்சையன்று, ஒருவகைப் பாசி. நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது என்பதற்கு இது சான்று.

விரலில் ஒட்டும் பொடி பூஞ்சையின் வித்துகளே. அவற்றின் வடிவத்தை நுண்ணோக்கியில் கண்டு அறிஞர் இனத்தை உறுதி செய்வர். காப்பித் துருவின் வித்து ஆரஞ்சுச் சுளை போன்றது. ஒருபுறம் முட்கள் நிறைந்தது, மறுபுறம் வழவழப்பானது. ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் அதன் அறிவியல் பெயரில் முற்சொல் ‘பாதி வழவழப்பு’ என்றும், பிற்சொல் ‘பேரழிவு செய்வது’ என்றும் பொருள்படும்.

அப்பெயர் மிகையன்று. இலங்கையில் கிடைத்த இப்பூஞ்சைக்கு 1869ஆம் ஆண்டில் பெர்க்லி, ப்ரூம் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் பெயரிட்டனர். அக்காலத்தில் இலங்கையின் மலைக்காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பி பெருமளவில் பயிரிடப்பட்டிருந்தது. பல்வகை மரங்கள் கலந்த காட்டில், காற்றில் பறக்கும் வித்துகள் பெரும்பாலும் தமக்கு உதவாத இலைகளில் விழுந்து அழியும். தோட்டத்திலோ விழுந்த இடமெல்லாம் காப்பி இலையே. 1880இல் அங்குச் சென்ற மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் நோய் பரவும் முறையை விளக்கினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. காப்பித் தோட்டங்கள் தேயிலைத் தோட்டங்களாயின. காப்பிப் பருவத்தில் மட்டும் தமிழகத்திலிருந்து சென்று திரும்பிய தொழிலாளர் பலர், ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டிய தேயிலைக்காகக் குடும்பத்தோடு அங்கேயே தங்கினர். கண்ணுக்குப் புலப்படாத வித்துகள் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்விடத்தையே மாற்றின.

துரு படிந்த இலையைக் கண்டால் அதனைப் பறித்து வேறிடத்திற்குக் கொண்டு செல்லாதீர்கள். தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். காற்றைப்போலவே நம் கையும் உடையும் வித்துகளைச் சுமக்கும்.

சொற்பொருள்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து அதன் உணவைக் கவர்ந்து வாழும் உயிர்
புலப்படாத – தெரியாத
மிகை – உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்லுதல்

வினாக்கள்
1. பூஞ்சையை அறியுமுன் செடியை அறிய வேண்டுவது ஏன்?
2. மாவிலையின் ‘சிவப்புத் துரு’ துருப் பூஞ்சையிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
3. காட்டைவிடத் தோட்டத்தில் துரு விரைந்து பரவுவது ஏன்?

செயல்பாடு
உங்கள் பள்ளி வளாகத்தில் உள்ள ஐந்து மரஞ்செடிகளின் தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றின் இலைகளை இருபுறமும் நோக்கி, கண்டவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்க.