மார்க் வாங்கிய காரும் மனம் வாங்கிய காரும்

வீட்டில் கார் வாங்குவதென்று முடிவாகிவிட்டதா? ரொம்ப சந்தோஷம்! அப்படியானால் இந்நேரம் உங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்சிகள் தோன்றியிருக்க வேண்டுமே!

ஒரு கட்சிக்குத் தலைவர் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்காரர். பிரசாரத்தைக் கவனித்துக்கொள்கிறவன் காலேஜில் படிக்கும் பிள்ளை. "கார் என்றால் ஒரு மிடுக்கு வேண்டாமா? மிதித்தால் அம்பு மாதிரிப் பாய வேண்டாமா? கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்ப வேண்டாமா?" என்பது அவர்கள் வாதம்.

மறு கட்சிக்குத் தலைவி நீங்கள். "பாய்வது கிடக்கட்டும். காலையில் கிளப்பினால் கிளம்ப வேண்டும். போன இடத்திலிருந்து வீடு வந்து சேர வேண்டும். மாதா மாதம் ஒர்க்‌ஷாப்புக்குப் படி அளக்க முடியாது" என்பது உங்கள் வாதம்.

இது உங்கள் வீட்டுச் சண்டை மட்டுமல்ல, சகோதரி. உலகமெங்கும் நடக்கிற சண்டை. இதைத் தீர்த்து வைக்கத்தான் கார்களுக்கு மார்க் போடுகிறார்கள். ஆனால் அந்த மார்க்கை எப்படிப் படிப்பது என்று தெரியாவிட்டால் சண்டை தீராது, வளரும்!

நூற்றுக்கு நூற்று மூன்று!

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு பத்திரிகை இருக்கிறது. 1936-இல் ஆரம்பித்தது. விளம்பரம் வாங்காத பத்திரிகை. பரீட்சை பார்க்கும் கார்களைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கித்தான் பார்க்கும். அது இரண்டு வேலைகளைத் தனித்தனியே செய்கிறது. ஒன்று, தன் ஆட்களை விட்டு ஓட்டச் சொல்லி மார்க் போடுவது. மற்றொன்று, வருஷா வருஷம் தன் சந்தாதாரர்களிடம், "உங்கள் காரில் என்னென்ன கோளாறு வந்தது?" என்று விசாரித்துக் கணக்கெடுப்பது.

2015 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. டெஸ்லா என்ற மின்சாரக் காரின் 'மாடல் எஸ்' வகையில் ஒன்றை ஓட்டிப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அவர்கள் வழக்கப்படி கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூற்று மூன்று மார்க் வந்தது! அளவுகோலையே திருத்த வேண்டியதாயிற்று.

இரண்டே மாதம் கழித்து, அக்டோபரில், சந்தாதாரர்களின் பதில்கள் வந்தன. சுமார் 1,400 டெஸ்லாக்காரர்கள் எழுதியிருந்தார்கள். சார்ஜ் ஏற்றும் சாதனத்தில் கோளாறு, பெரிய திரையில் கோளாறு, மேற்கூரையில் கிறீச் சத்தம் என்று ஒரே புகார்! 'நம்பகம் சராசரிக்கும் கீழே' என்று எழுதி, "வாங்கலாம்" என்ற சிபாரிசைப் பத்திரிகை திரும்பப் பெற்றுக்கொண்டது.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. "மறுபடியும் இதே காரை வாங்குவீர்களா?" என்றும் அவர்களிடம் கேட்டிருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர், "வாங்குவோம்" என்றார்கள்!

இதில் யார் சொன்னது பொய்? ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேள்விகள்தாம் வேறு வேறு. "கார் எத்தனை தடவை மக்கர் செய்தது?" என்பது ஒரு கேள்வி. "அதன் மேல் உங்களுக்குப் பிரியமா?" என்பது வேறு கேள்வி. முரண்டு பிடிக்கிற பிள்ளையின் மேல் தாய்க்குப் பிரியம் குறைந்துவிடுகிறதா, என்ன?

எல்லாக் கோளாறும் ஒன்றா?

'ஜே.டி. பவர்' என்று வேறொரு நிறுவனம் உண்டு. நூறு கார்களுக்கு மொத்தம் எத்தனை கோளாறு என்பது அவர்கள் கணக்கு. எண் குறைந்தால் கார் உசத்தி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று யோசியுங்கள். கையிலுள்ள போன் காரின் திரையோடு இணைய மறுப்பதும் ஒரு கோளாறு. நடு ரோட்டில் எஞ்சின் அணைந்து போவதும் ஒரு கோளாறு. இரண்டையும் ஒன்று, ஒன்று என்றுதான் எண்ணுகிறார்கள்.

உங்களுக்கு அப்படியா? பாட்டு வராவிட்டால் குடி முழுகிவிடாது. ராத்திரி இரண்டு மணிக்கு, வலி எடுத்த பெண்ணை உசிலம்பட்டியிலிருந்து மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரும்போது வண்டி நின்றுவிட்டால்? ஆகவே, மொத்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எஞ்சின், கியர், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றில் என்ன புகார் என்று தனியே பாருங்கள். வழியில் நிறுத்துகிற கோளாறு எது, வாயால் முணுமுணுக்க வைக்கிற கோளாறு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மதுரை கண்ட நம்பகம்

நம்பகமான வண்டி என்றால் என்ன என்று மதுரைக்காரர்களுக்கு வெளிநாட்டார் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் 1912-இல் பஸ் சர்வீஸ் ஆரம்பித்தார். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று? மாட்டு லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் அந்தக் காலத்து ரோடுகளில் இறைந்து கிடக்கும். டயரைப் பதம் பார்க்கும். வண்டியில் காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று ஒரு கதை இந்தப் பக்கத்தில் வெகு பிரசித்தம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. "பெட்ரோல் இல்லை, பஸ் இல்லை" என்று கையை விரிக்காமல், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் சாதனத்தை அந்தக் கம்பெனியே தயாரித்தது. அய்யங்கார் 1955-இல் காலமானார். எழுபதுகளின் தொடக்கத்தில் பஸ்கள் அரசாங்கத்தின் வசமாயின. கடிகாரக் கதை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பஸ் என்னவோ மற்றவர்களும் வாங்கக்கூடிய பஸ்தான். அதை மணி தவறாமல் ஓட வைத்தது தினசரிப் பராமரிப்பு. பாக்டரி கொடுப்பது பாதி நம்பகம். மீதிப் பாதியை வீட்டார்தாம் கொடுக்க வேண்டும். உயர்ந்த மார்க் வாங்கிய காரானாலும், எண்ணெய் மாற்றாமல் இரண்டு வருஷம் ஓட்டினால் அதுவும் ஒரு நாள் பழி வாங்கத்தான் செய்யும்.

இன்றைக்கும் ஊரில் மார்க் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆபீஸ் டாக்சி ஸ்டாண்டு! டாக்சிக்காரருக்கு வண்டி நின்றால் வீட்டில் உலை கொதிக்காது. ஒரு காலத்தில் அவர்கள் அம்பாஸிடரை நம்பினார்கள். 2000-இல் குவாலிஸ் வந்தது. 2005-இல் அதன் இடத்துக்கு இன்னோவா வந்தது. விளம்பரத்தைப் பார்த்தா அவற்றை வாங்கினார்கள்? லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த அனுபவம் பேசியது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் மல்லிகை கொண்டு வரும் வேன்காரரையும் கேட்டுப் பாருங்கள். வண்டி சுணங்கினால் மொட்டு காத்திருக்காது, விலையும் காத்திருக்காது.

யார் ஓட்டிய கார்?

ஆனாலும் டாக்சிக்காரர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அவர் டீசல் வண்டியை விடிய விடிய நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர். நீங்களோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அப்படியே காய்கறி வாங்கி, மாசி வீதியில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் பின்னால் ஊர்ந்து வீடு திரும்புகிறவர். 2020 ஏப்ரலில் 'பி.எஸ். 6' புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி சற்று நேரம் வேகமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். தினம் மூன்று மைல் ஊர்ந்தால் கரி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஒர்க்‌ஷாப்புக்கு நடக்க வேண்டியதுதான். அவரிடம் தங்கமாக இருந்த வண்டி உங்களிடம் வந்து தகராறு செய்யும். குற்றம் வண்டியினுடையதல்ல, ஜோடி சேர்த்ததில்!

வெளிநாட்டு மார்க்கும் அப்படித்தான். பனி பெய்யும் தேசங்களில் ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள். காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது. மதுரையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சித்திரை வெயில் இருக்கிறதே! உஷ்ணத்தில் பாட்டரியின் ஆயுள் குறையும். ரப்பர் குழாய்கள் வெடிக்கும். புழுதி காற்று வடிகட்டியை அடைக்கும். இந்த மூன்றையும் கோடைக்கு முன் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசைக்கும் நியாயம் உண்டு

இவ்வளவு சொன்னதால் உங்கள் கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எதிர்க் கட்சிக்காகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமானத் தளத்தில் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடக்கும். அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் அந்தப் பந்தயங்களில் பெயர் வாங்கியவர். சொந்தமாகப் பந்தயக் கார் கட்ட முனைந்தபோது அவர் எந்த எஞ்சினைத் தேடினார் தெரியுமா? நம் பக்கத்து வீட்டு மாருதி 800-இன் எஞ்சினைத்தான்! அப்படி 1988-இல் உருவானது 'பார்முலா மாருதி'. பின்னால் 2005-இல் உலகப் பிரசித்தி பெற்ற பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்தில் ஓட்டிப் பழகியது அந்தப் பார்முலா மாருதியில்தான். பாதி வழியில் நிற்கிற காருக்குப் பந்தயத்தில் பரிசு கிடையாது. ஓட்டும் ஆசையும் நம்பகமும் ஜன்ம விரோதிகள் அல்ல என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆசை ஏமாந்த கதையும் உண்டு. 1985-இல் சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற காரை வெளியிட்டது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் காருடையது. பார்த்தவர் கண்ணை எடுக்க மாட்டார். உள்ளே வைத்ததோ பழைய வான்கார்ட் காலத்து எஞ்சின்! சில வருஷங்களிலேயே அந்தக் கார் மறைந்தது. அழகில் மயங்கியவர்களை அது கடையில் ஜெயித்தது, ரோட்டில் தோற்றது.

அம்பாஸிடர் விஷயம் இன்னும் ருசிகரமானது. சில்லறைத் தொந்தரவுக்குப் பெயர் போன வண்டி அது. ஆனால் எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் வேப்ப மரத்தடியில் சரி செய்து கொடுப்பார். 2014-இல் உற்பத்தி நிற்கும் வரை அதற்கு அபிமானிகள் இருந்தார்கள். 'கெடாமல் இருப்பது' ஒரு குணம் என்றால், 'கெட்டால் உடனே சரியாவது' மற்றொரு குணம் அல்லவா?

கடைக்குப் போகுமுன்

ஆகவே, நாலு விஷயங்களை முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஒன்று: எதற்கான மார்க் என்று கேளுங்கள். 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்.சி.ஏ.பி.' கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. அது மோதினால் உயிருக்கு என்ன பாதுகாப்பு என்பதைச் சொல்லும். கார் மக்கர் செய்யாது என்று சொல்லாது.

இரண்டு: புத்தம் புது மாடலா? முதல் வருஷத்தில் பல் முளைக்கும் தொந்தரவு எல்லாக் குழந்தைக்கும் உண்டு. முடிந்தால் ஒரு வருஷம் பொறுங்கள்.

மூன்று: முன் விளக்கு, பம்பர், கிளட்ச் ஆகியவற்றின் விலையை எழுதி வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, சாமான் எத்தனை நாளில் வரும் என்றும் கேளுங்கள்.

நான்கு: ஓட்டிப் பார்க்க அவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டாம். நீங்களே ஓட்டுங்கள். கால் எட்டுகிறதா, புடவை தடுக்காமல் ஏறி இறங்க முடிகிறதா, சந்தில் திருப்ப முடிகிறதா என்று நீங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

அப்புறம், இரண்டு கட்சிகளுக்கும் சமரசம் எப்படி? நம் வீடுகளில் கல்யாணம் எப்படி நடக்கிறதோ, அப்படித்தான்! முதலில் ஜாதகங்களைப் பார்த்து ஒத்து வராதவற்றை ஒதுக்குகிறோம். பிறகுதான் பெண் பார்க்கும் படலம். பொருத்தம் ஒன்பது இருந்தாலும் பையனுக்குப் பிடிக்காவிட்டால் பேச்சு நின்றுவிடும். மார்க் என்பது ஜாதகம். வேண்டாதவற்றைத் தள்ளுகிற வேலையை அதனிடம் விடுங்கள். மிஞ்சிய இரண்டு மூன்றில் எது என்று மனம் தேர்ந்தெடுக்கட்டும். அந்தக் கட்டத்தில் அவருடைய ஆசைக்குச் சற்று விட்டுக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமுமில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பொருத்தம் எத்தனை கூடி வந்தாலும், குடித்தனம் நடப்பது தினசரிக் கவனிப்பில்தான். காருக்கும் அதுவே சட்டம்!